எலும்பு நீறும் வேதியியல் வகுப்பும்

வங்காளத்தின் தென்பகுதியில் கபோதாட்சம் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அமைந்த ராருளி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிரபுல்ல சந்திர ராய் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேச நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. தந்தையார் ஹரீஷ் சந்திரர் நிலக்கிழார். பல மொழி கற்றவர். தம் ஊரில் பள்ளி நிறுவியவர். வீட்டில் நல்லதொரு நூலகம் வைத்திருந்தவர். பிள்ளைகள் உயர்ந்த கல்வி பெறவேண்டும் என்பதற்காகவே 1870இல் அவர் தம் குடும்பத்தைக் கல்கத்தாவிற்குக் குடிபெயர்த்தார். இன்று கொல்கத்தா என வழங்கும் நகரமே அது.

கல்கத்தாவில் ஹேர் பள்ளியில் பயின்றுவந்த சிறுவனைக் கடுமையான சீதபேதி நோய் தாக்கியது. பள்ளியைவிட்டு ஏறத்தாழ ஈராண்டுகள் விலகியிருக்க நேர்ந்தது. உடல் தளர்ந்ததேயன்றி உள்ளம் தளரவில்லை. தந்தையின் நூலகத்து நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். இலத்தீன் மொழியைத் தானே கற்கத் தொடங்கினான். பெரியோர் பலரின் வரலாறுகளைப் படித்தபோது அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, இடிமேகத்தின்கீழ்ப் பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் அவன் மனத்தில் நீங்கா இடம் பெற்றார். நோய் விட்டுச்சென்ற செரிமானக் கோளாறு மட்டும் வாழ்நாள் முழுவதும் உடன் இருந்தது. அளவறிந்து உண்டு, வேளைதவறாது நடைபயின்று, அந்த மெலிந்த உடலைக் கொண்டே ராய் எண்பது ஆண்டுகளைக் கடந்தார் என்பது வியப்பிற்குரியது.

பள்ளிப்படிப்பை முடித்தபின் ஈசுவர சந்திர வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அங்குக் கட்டணம் குறைவு. ஆங்கிலம் கற்பிக்கச் சுரேந்திரநாத் பானர்ஜி போன்ற பேராசிரியர் இருந்தனர். ஆயினும் அறிவியல் கற்பிக்கும் வசதி அங்கில்லை. எனவே வேதியியலும் இயற்பியலும் கேட்பதற்காக மாணவர்கள் பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்றுவந்தனர். ராயும் சென்றார். அவருடைய நாட்டம் அதுவரை இலக்கியத்திலும் வரலாற்றிலுமே இருந்தது.

பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர் அலெக்சாண்டர் பெட்லர் என்னும் ஆங்கிலேயர். நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகளில் அறிவியலும் மனப்பாடப் பாடமாகவே இருந்த காலம் அது. ஆக்சிஜனின் இயல்புகள் யாவை என்று கேட்டால் மாணவன் அடிபிறழாமல் ஒப்புவிப்பான்; ஆனால் ஆக்சிஜன் நிறைந்த குடுவையைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான். பெட்லரோ விரிவுரை மேசையில் கருவிகளை வரிசையாக அமைத்து, வாயுக்களை மாணவர் கண்முன்னே உண்டாக்கிக் காட்டுவார். அவருடைய சோதனைகள் பிழைபடுவது அரிது. அக்காட்சிகள் இளைஞர் ராயின் உள்ளத்தைக் கவர்ந்தன. இலக்கியத்தின்மேல் இருந்த காதல் மறையவில்லை. ஆனால் வேதியியல் அதனினும் வலிதாகத் தம்பால் இழுத்துக்கொண்டது.

பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. வகுப்புத் தோழர் ஒருவர் தங்கியிருந்த இடத்தில் இருவருமாகச் சேர்ந்து சிறியதோர் ஆய்வகத்தை அமைத்தனர். வகுப்பிற் கண்ட சோதனைகளை அங்கு மீண்டும் செய்துபார்த்தனர். ஒருநாள், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்துக் கடும்வெப்பம் உண்டாக்கும் ஊதுகுழல் ஒன்றைத் தாமே ஆக்க விரும்பினர். விலையுயர்ந்த கருவி வாங்கப் பணமில்லை. மெல்லிய தகரத்தைக் கொண்டு ஒன்றைச் செய்வித்துப் பயன்படுத்தினர். அது பேரொலியுடன் வெடித்தது. நல்வாய்ப்பாக இருவருக்கும் காயமில்லை. இவ்விரு வாயுக்களும் தக்க அளவில் கலந்திருக்கையில் சிறு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அதனைச் செவியாலும் நடுங்கிய கையாலும் கற்றவர் எளிதில் மறப்பாரல்லர்.

1882இல் கில்கிறிஸ்து உதவித்தொகைத் தேர்வில் வென்று ராய் கடல்கடந்து சென்றார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிரம் பிரவுன் என்னும் வேதியியல் பேராசிரியரிடம் பயின்று, 1887இல் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். 1888இல் தாயகம் திரும்பியபோது கையில் உயர்ந்த பட்டம் இருந்தது, வேலை இல்லை. கல்வித்துறையின் உயர்பணிகள் ஏறத்தாழ முழுவதும் ஐரோப்பியர்க்கே உரியனவாக இருந்தன. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் காத்திருந்தார். அந்நாள்களில் அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்து ஆதரித்தவர் இயற்பியல் அறிஞர் ஜகதீச சந்திர போஸ். இறுதியில் 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாத ஊதியம் 250 ரூபாய். அதே தகுதியுடைய ஆங்கிலேயர் ஒருவர்க்கு இதனினும் பன்மடங்கு கிடைத்திருக்கும். ராய் கல்வித்துறைத் தலைவரிடம் முறையிட்டார். இப்பணியை ஏற்குமாறு யாரும் வற்புறுத்தவில்லை, வாழ்க்கையில் வேறு வழிகளும் உள என்னும் பொருள்பட விடை வந்தது. அச்சொல் அவர் நெஞ்சில் தைத்தது. ஆயினும் பணியை ஏற்றார்.

எடின்பரோவில் முதுமுனைவர் பட்டம் பெற்றவர் முதலில் செய்த செயல் கருதத்தக்கது. விரிவுரை மேசையில் சோதனை செய்து காட்டுவது தனியொரு கலை என்றும், அதில் தமக்குப் போதிய பழக்கம் இல்லை என்றும் அவர் உணர்ந்தார். கல்லூரியில் சந்திரபூஷண் பாதுரி என்பவர் செய்முறை உதவியாளராக இருந்தார். பதவியில் அவர் தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று எண்ணாமல் ராய் அவருடன் நின்று, வகுப்பில் காட்டவேண்டிய சோதனைகளை முன்கூட்டியே பலமுறை செய்து பழகினார். இத்தகைய பழக்கம் ஏன் வேண்டும் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர். தக்கை சற்றே தளர்ந்திருந்தாலும் வாயு கசிந்துவிடும். குடுவையில் சிறிதளவு காற்று எஞ்சியிருந்தாலும் ஹைட்ரஜன் அமைதியாக எரியாமல் வெடிக்கும். அதனால் முதலில் ஒரு சிறு சோதனைக்குழாயில் வாயுவைப் பிடித்துத் தீயருகே காட்டவேண்டும். சட்டென்று ஒலியெழுந்தால் காற்று கலந்திருக்கிறது. ஓசையின்றி எரிந்தால் தூயது. தகரக் குழல் வெடித்ததைக் கண்ட ராய்க்கு இந்த எச்சரிக்கையின் பொருள் நன்கு தெரிந்திருக்கும். நூறு மாணவர் பார்த்திருக்கச் சோதனை பிழைத்தால் ஆசிரியரின் சொல்லும் பிழைபட்டதுபோல் ஆகிவிடும் அன்றோ?

ஆண்டுகள் சென்றன, பதவியும் உயர்ந்தது. மூத்த பேராசிரியர்கள் உயர்வகுப்புகளையே விரும்பி எடுத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த மாணவர்களை இளைய ஆசிரியர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். ராய் இதனை மாற்றிச் செய்தார். தொடக்க வகுப்புகளைத் தாமே கேட்டுப் பெற்றுக்கொண்டார். பள்ளியிலிருந்து வந்த இளம் மாணவன் முதன்முதலில் காண்பது பசுமரத்தாணிபோல் பதியும் என்று அவர் நம்பினார். பாடத்தினிடையே பிரீஸ்ட்லி, ஷீலே, லவாய்சியே முதலிய வேதியியலாரின் வாழ்க்கையை எடுத்துரைப்பார். ஓர் உண்மை யாரால், எத்துணை இடர்ப்பாட்டினிடையே கண்டறியப்பட்டது என்று தெரிந்தபின் அச்சோதனையைக் காணும் கண் வேறாகிவிடும்.

அவருடைய வகுப்புகளில் பெரிதும் பேசப்பட்டது எலும்பு நீறு பற்றிய பாடம். எலும்பைக் கடுந்தீயில் சுட்டால் அதிலுள்ள கொழுப்பும் ஏனைய உயிர்ப்பொருள்களும் எரிந்துபோகும். எஞ்சுவது வெண்ணிறச் சாம்பல். அதன் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள். இவ்வளவுதான் செய்தி, எழுதிப்போட்டால் கரும்பலகையில் ஈரடிக்குள் அடங்கிவிடும். ஆனால் ராய் எழுதிப்போடுவதோடு நிறுத்தவில்லை. அச்சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து, வகுப்பு முழுவதும் பார்த்திருக்கத் தம் வாயில் இட்டுக்கொள்வார். மாணவர்களையும் அவ்வாறே செய்ய அழைப்பார்.

இன்றைய மாணவருக்கு இதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். எலும்பைத் தொட்டாலே தீட்டு, குளித்தால்தான் போகும் என்று எண்ணிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவ்வகுப்பில் பலர். இன்ன விலங்கின் எலும்பு என்றால் நினைக்கவும் அஞ்சுவர். அந்தச் சாம்பல் எருதினுடையதா, ஆட்டினுடையதா என்று இனி எந்த வேதியியலாரும் சொல்ல இயலாது. அது தூயதொரு பொருள், அவ்வளவே என்பதை ராய் வாயால் விளக்கியதினும் அந்த ஒரு சிட்டிகையால் விளக்கினார். சில மாணவர் தயங்கினர். சிலர் துணிந்து நாவில் வைத்தனர். (ஆய்வகத்தில் எப்பொருளையும் வாயிலிடலாகாது என்பது இன்று எல்லாப் பள்ளிகளிலும் உள்ள விதி. ராய் வாயிலிட்டது தாமே சுட்டு, இன்னதென்று ஐயமற அறிந்த பொருளை மட்டுமே. இதனைக் கண்டு வேறொன்றை நாவில் வைப்பது அறிவுடைமை ஆகாது.)

எலும்பு அவருக்கு வகுப்பறைப் பொருள் மட்டும் அன்று. இந்தியாவில் மருந்துகளும் வேதிப்பொருள்களும் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கியதைக் கண்டு, அவற்றை இங்கேயே ஆக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். அக்காலத்தில் படித்த வங்க இளைஞர் பலர் அலுவலக எழுத்தர் வேலை ஒன்றையே நாடினர்; கைத்தொழில் தமக்குக் குறைவு என்று கருதினர். பேராசிரியர் ஒருவரே கையில் கறைபட உழைத்தால் அவ்வெண்ணம் மாறும் என்பது அவர் கருத்து. 1892இல், மேல்வட்டச் சாலையில் 91ஆம் எண்ணுடைய தாம் வாழ்ந்த வாடகை வீட்டிலேயே, சில நூறு ரூபாயை முதலாகக் கொண்டு ஒரு சிறு தொழிலகத்தைத் தொடங்கினார். பகலில் கல்லூரி, மாலையில் வீடு திரும்பியதும் அடுப்பும் குடுவையும்.

எலும்பிலிருந்து சோடியம் பாஸ்பேட் ஆக்குவது அவருடைய முயற்சிகளுள் ஒன்று. கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கிவந்து வீட்டின் மொட்டைமாடியில் உலர்த்தினார். சனவரி மாதம், மழை வராத காலம் என்பது கணக்கு. அவ்வாண்டு மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகியது, புழுத்தது, காகங்கள் மொய்த்தன. தெரு முழுவதும் நாற்றம் பரவவே அண்டைவீட்டார் சினந்து எழுந்தனர். உடனே அப்புறப்படுத்தாவிடில் நகர அதிகாரிகளிடம் முறையிடுவதாக எச்சரித்தனர். வேறு வழியின்றி ராய் அவ்வெலும்புகளை மாணிக்தலா என்னும் புறநகர்ப் பகுதிக்குக் கொண்டுசென்று, இரவில் குவித்துத் தீயிட்டார். எரியும் குவியலைக் கண்ட காவலர், யாரையோ கொன்று உடலை எரிக்கிறார்கள் என்று ஐயுற்று ஓடிவந்தார். குவியலைக் கிளறிப் பார்த்து, விலங்குகளின் எலும்பே என்று அறிந்தபின்னரே அமைதியடைந்தார். அந்தச் சாம்பலே பின்னர் மருந்தாயிற்று. கந்தக அமிலமும் சோடியம் கார்பனேட்டும் சேர்த்துப் படிப்படியாக அதனைத் தூய்மைசெய்து, சோடியம் பாஸ்பேட்டைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

அச்சிறு தொழிலகம் 1901இல் பெங்கால் கெமிக்கல் அண்டு பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் என்னும் நிறுவனமாயிற்று. கொல்கத்தாவில் வாழும் பிள்ளைகள் தம் வீட்டுத் தரையைக் கழுவும் பினாயில் புட்டியில் அந்நிறுவனத்தின் பெயரைக் கண்டிருக்கலாம்.

ராய் செய்த மற்றோர் ஆய்வு ஒவ்வொரு வீட்டின் அடுக்களையையும் தொட்டது. கல்கத்தாக் கடைகளில் விற்ற நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் மிகுந்திருந்தது. கலப்படத்தைக் கண்டறிவது எங்ஙனம்? தூய நெய்யின் இயல்பு இன்னது என்று தெரிந்தாலன்றோ கலந்த நெய்யை வேறுபிரிக்க இயலும்? ஆனால் தூயது என்று கடைக்காரர் கொடுப்பதை எப்படி நம்புவது? எனவே பசுவைத் தம் கண்ணெதிரே கறக்கச்செய்தார். அந்தப் பாலிலிருந்து எடுத்த வெண்ணெயை உருக்கினார். கடுகைத் தாமே வாங்கித் தம் முன்னிலையில் செக்கில் ஆட்டுவித்தார். அதன்பிறகே அளவைகளைத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்றாண்டு நீடித்த இவ்வாய்வின் முடிவுகள் 1894இல் வெளிவந்தன. எதையும் அடிமுதல் தாமே செய்து பார்த்தாலன்றி எழுதுவதில்லை என்னும் அவருடைய இயல்பிற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அவ்வியல்பே அவருக்குப் பெரும்புகழையும் தேடித்தந்தது. ஒருமுறை பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றி வைத்திருந்தார். அவர் வேண்டியது வேறொரு சேர்மம். ஆனால் பாதரசத்தின்மீது மஞ்சள்நிறப் படிகங்கள் தோன்றியிருந்தன. எதிர்பாராதது என்று அவற்றை வழித்து எறிந்துவிடாமல் எடுத்து ஆராய்ந்தார். அதுவரை யாரும் அறியாத மெர்குரஸ் நைட்ரைட் என்னும் சேர்மம் அது. 1896இல் அக்கண்டுபிடிப்பு வெளியானபோது ஐரோப்பிய அறிவியலாரின் கவனம் கல்கத்தாவின் பக்கம் திரும்பியது.

இந்தியர் தத்துவம் பேசவல்லவர், சோதனை அறிவியல் அவர்க்குப் புதிது என்று பலர் கூறிவந்த காலம் அது. அக்கூற்றை ஆராய ராய் பழஞ்சுவடிகளைத் தேடித் திரட்டினார். 1902இலும் 1909இலும் இரண்டு தொகுதிகளாக இந்து வேதியியலின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பாதரசம் முதலியவற்றைப் பற்றிய பழைய வடமொழி நூல்களில் உலைகள், வடிகலன்கள் ஆகியவற்றின் அமைப்பு விரிவாகக் கூறப்பட்டிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்நூல்களுள் ஒன்றான ரசேந்திர சிந்தாமணி, தாம் கற்பிப்பதைச் செய்து காட்ட வல்லவரையே ஆசிரியர் என்று ஏற்று, ஏனையோரை மேடையில் வேடமிட்டவராகத் தள்ளிவிடுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் எழுதிவைத்த அக்கருத்தைக் கண்டபோது ராய் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

தாய்மொழியில் அறிவியல் கற்பித்தலிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. புரியாத மொழியில் கற்கும் மாணவனுக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவர் வகுப்பில் நாள்தோறும் கண்டார். 1893இல் சிறுவர்க்கென எளிய வங்க மொழியில் விலங்கியல் நூல் ஒன்றை எழுதினார். வேதியியலாராகிய அவர் அதற்காக விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று விலங்குகளை நேரிற் கண்டு குறிப்பெடுத்தார்.

1909ஆம் ஆண்டையொட்டிப் பிரசிடென்சி கல்லூரியில் வந்து சேர்ந்த மாணவர் கூட்டம் இந்திய அறிவியல் வரலாற்றில் தனியிடம் உடையது. சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா, ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் அக்கூட்டத்தினர். முதல் இருவரும் இயற்பியலிலும், பின்னிருவரும் வேதியியலிலும் உலகறிந்த பெயர் பெற்றனர். நால்வரும் ராயின் வகுப்பில் அமர்ந்தவர்களே. தம் பெயரினும் மாணவர் பெயர் பெரிதாக விளங்குவதைக் காண்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

1916இல் பிரசிடென்சி கல்லூரிப் பணியிலிருந்து விலகி, கல்கத்தாப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அதன்பின் வாழ்ந்த இடமும் அக்கல்லூரியே. மணம் செய்துகொள்ளாத அவர் அதன் மாடியில் ஓர் அறையில் தங்கினார். ஓர் இரும்புக் கட்டில், சில நாற்காலிகள், நிறையப் புத்தகங்கள், உடுத்துவது கதராடை. ஏழை மாணவர் சிலர் அவருடனேயே தங்கி, அவர் செலவிலேயே உண்டு படித்தனர். 1919இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. மக்கள் அவரை ஆசார்யர் என்றே அழைத்தனர். 1921இல் அறுபது வயது நிரம்பியது முதல் தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே பல்கலைக்கழகத்திடம் விட்டுவிட்டார். 1922இல் வடவங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது அவருடைய கல்லூரியே துயர்நீக்கப் பணியின் நடுவிடமாயிற்று. மாணவர்கள் ஆய்வகத்தை விட்டிறங்கி அரிசியும் துணியும் மூட்டை கட்டினர். 1924இல் இந்திய வேதியியல் சங்கம் தோன்றியபோது முதல் தலைவராக அவரே அமர்ந்தார்.

1936இல், எழுபத்தைந்தாம் வயதில், பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். அறையை மட்டும் விட்டுச் செல்லவில்லை. கீழே மாணவர்கள் குடுவைகளைக் கழுவும் ஓசையும், ஆய்வகங்களிலிருந்து எழும் அமில நெடியும் நாள்தோறும் அவ்வறையை எட்டிக்கொண்டிருந்தன. 1944ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள், தம் மாணவர்கள் சூழ, பிரபுல்ல சந்திர ராய் அவ்வறையிலேயே உயிர்நீத்தார்.